மான்களிடமிருந்து மரக்கறித் தோட்டத்தைக் காத்தல்

வறண்ட வலயத்திலே காட்டை அடுத்துத் தோட்டஞ் செய்யும் கமக்காரர்க்கு மான், மரை ஆகியவற்றால் ஏற்படும் நட்டம் புதியதன்று. மூன்று வாரம் நீரிறைத்து வளர்த்த பயற்றைப் பாத்தி ஓர் இரவிலே மொட்டையாகிவிடக்கூடும். உயர்ந்த வேலி அமைக்க உடனே வசதியில்லாதோர்க்கு, மான் வெறுக்கும் மணமுள்ள கரைசலை விசிறுதல் ஒரு துணையாகும். ஆயின், அதனை உரிய காலத்தில் உரிய முறைப்படி செய்தல் வேண்டும்.

மேய்ந்தது எது?

முதலில் சேதஞ்செய்த விலங்கை அறிதல் வேண்டும். மானுக்கும் மரைக்கும் மேல்தாடையில் முன்வெட்டும் பற்கள் இல்லை. ஆகவே அவை தளிரைப் பிய்த்து உண்ணும். தண்டின் முனை நார்நாராய்க் காணப்படும். முயல் கடித்த தண்டோ கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஆடு மாடுகளும் பிய்த்தே மேயுமாதலால், அவை கட்டிலிருந்த இரவுகளிலும் சேதம் நேர்ந்ததா என விசாரித்துக் கொள்ளவும்.

கரைசல் தயாரித்தல்

ஐந்து லீற்றர் நீருக்கு நான்கு முட்டைகள் போதுமானவை. அவற்றை நன்றாக அடித்து, மெல்லிய சீலையால் வடித்து, நீரிற் கலக்கவும். வடிக்காவிடின் விசிறுகருவியின் துவாரம் அடைபடும். இலையில் ஒட்டுதற்பொருட்டுச் சிறிதளவு சவர்க்காரக் கரைசலைச் சேர்க்கலாம். இலையிற் படிந்த முட்டை பழுதடையும்போது எழும் கந்தக மணமே மானை விலக்குகின்றது.

விசிறும் முறை

1. சேதம் தொடங்குமுன்னரே விசிறுக. ஓரிடத்தில் மேய்ந்து பழகிய மானைத் திருப்புதல் கடினம்.

2. மழையற்ற நாளிற் காலையில் விசிறுக. மான் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் மேய்வதால், அதற்குள் கரைசல் உலர்ந்துவிடல் வேண்டும்.

3. விசிறியபின் தோன்றும் தளிர்களுக்குக் காப்பில்லை. ஆதலால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பெருமழைக்குப் பின்னரும் மீண்டும் விசிறுக.

4. பச்சை முட்டையில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். கீரைகளுக்கும், பறிக்கவிருக்கும் காய்களுக்கும் விசிறலாகாது. இளஞ்செடிகளுக்கும் பழமரக் கன்றுகளுக்குமே இது ஏற்றது.

5. முதலிற் சில செடிகளில் விசிறி, இலை கருகவில்லையெனக் கண்டபின் ஏனையவற்றுக்கு விசிறுக.

கரைசல் வேலியாகாது

கடும் வரட்சியிற் காட்டில் இரை அருகும்போது, பசித்த மான் எம்மணத்தையும் பொருட்படுத்தாது. அக்காலத்திற் பயிரைக் காப்பது ஏறக்குறைய 8 அடி உயரமான வலைவேலியே. தோட்டம் முழுவதையும் அடைக்க இயலாதோர் நாற்றுமேடையையும், கூடிய வருமானந்தரும் பாத்திகளையும் முதலில் அடைத்துக் கொள்ளலாம்.

கோபத்தினாற் கட்டுத்துவக்கு வைத்தலோ நஞ்சிடுதலோ கூடாது. மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை. மேலும், மானுக்கு வைத்த கட்டுத்துவக்கு இருளில் வரும் அயலவரையும், வைத்தவர் பிள்ளையையும் வேறுபிரித்து அறியாது.

தளிர் துளிர்க்கும் நாளிலேயே விசிறத் தொடங்குக. வரட்சி வருமுன் வேலியை முடித்துக் கொள்ளுக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறலாம்.