மீன் தொட்டிக்கு மெம்பிரேன்: ஓட்டை இல்லை என்று யார் சொல்வது?

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2025-26 நிதியாண்டு வரை என அறிவிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என அதில் மானியம். புதுச்சேரியின் உழவர்கரைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் மானியத்தோடு மறுசுழற்சி மீன் தொட்டி அமைக்கும் அவசரம் தெரிகிறது. கூடவே ஒரு குழப்பமும்: தொட்டியோடு சேர்த்து விற்கும் மெம்பிரேன் வடிகட்டி நோயைத் தடுக்குமா?

விற்பவர் சொல்லும் ‘கிருமியற்ற நீர்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். 99.99 சதவீதம் நீக்கினாலும் பத்து லட்சம் கிருமிகளில் நூறு மிஞ்சும். அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் துளைகள் 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை. ஏறக்குறைய ஒரு மைக்ரான் பருமனுள்ள ஏரோமோனாஸ் பாக்டீரியா அதில் நிற்கும். கொடுவாக் குஞ்சுகளைக் கொல்லும் நோடா வைரஸோ 25 முதல் 30 நானோமீட்டர்தான். 0.03 மைக்ரான் துளையும் அதே 30 நானோமீட்டர்!

இன்னொன்று, மெம்பிரேன் என்பது நூல் போன்ற நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கட்டு. ஒன்று அறுந்தாலும் அதன் வழியே வடிகட்டாத நீர் உள்ளே வந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் தெளிவாகவே தெரியும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக அழகானது. நனைந்த மெம்பிரேனுக்குள் காற்றை ஏற்றி வால்வை மூடுகிறார்கள். நுண்துளைகளில் உள்ள நீரைப் பரப்பு இழுவிசை பிடித்துக்கொள்வதால் காற்றுக்கு வழியில்லை. துளை பெரிதானால் அந்தப் பிடி தளரும். காற்று கசியும், மீட்டரில் அழுத்தம் இறங்கும். சில நிமிட வேலைதான்.

சிக்கலும் இங்கேதான். ஒரு பார் அழுத்தத்தில் இந்தச் சோதனைக்கு அகப்படுவது சுமார் 3 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள ஓட்டைகள் மட்டுமே. குடிநீரில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணியை மனத்தில் வைத்து அமெரிக்காவில் வகுத்த அளவு அது. அந்த ஓட்டையில் நூறில் ஒரு பங்கே இருக்கும் வைரஸுக்கு, சோதனையில் கிடைக்கும் ‘தேர்ச்சி’ உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் அறுந்த குழாயை அது காட்டிக்கொடுக்கும். அதையும் செய்யாமல் வடிகட்டியை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பணம் கட்டுவது.

மற்ற கேள்விகள் சுருக்கமாக.

அம்மோனியா போகுமா? போகாது, அதற்கு உயிரி வடிகட்டிதான்.

குஞ்சோடு வரும் நோய்? மெம்பிரேனுக்கு அங்கே வேலையில்லை. பி.சி.ஆர். சோதனை செய்த குஞ்சையே வாங்குங்கள்.

மெம்பிரேனைப் பின்கழுவிய நீர்? கிருமி செறிந்திருப்பது அதில்தான். குளோரின் போடாமல் வாய்க்காலில் விடாதீர்கள்; 2008-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரி பக்கத்திலேயே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: துளையின் அளவு, அழுத்தச் சோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை யார் செய்வார், அறுந்த குழாயை யார் செலவில் அடைப்பார். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள், மானியம் கைநழுவினாலும் சரி.