துரோகி என்ற சொல்

மனிதன் மனிதனை ஏசுவதற்குத் தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. அவற்றில் எல்லாவற்றையும்விடக் கனமானது ‘துரோகி’ என்ற சொல். கள்வன் பொருளைத் திருடுகிறான். பொய்யன் உண்மையை மறைக்கிறான். துரோகியோ தன்னை நம்பியவரின் நம்பிக்கையையே விற்று விடுகிறான். ஆகையால் இந்தச் சொல்லை ஒருவர் மீது வீசுமுன் நூறு முறை யோசிப்பது பெரியோர் வழக்கம். இக்காலத்திலோ அது மிகவும் மலிந்து விட்டது. பந்தாட்டப் பயிற்சியாளர் ஒருவர் ஒரு சங்கத்தை விட்டு இன்னொரு சங்கத்துக்குப் போனால், மறு நாளே அவர் துரோகி. எங்கள் குன்றக்குடி வட்டாரத்து இளைஞர்களும் இந்தக் கோபத்துக்கு விலக்கல்ல. சென்னையிலும் கோவாவிலும் இங்கிலாந்திலும் நடக்கும் ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்த்து, ஒரு கோஷ்டியைத் தம் சொந்தக் கோஷ்டியாகவே பாவித்து, அதை விட்டுப் போனவரை வாயார வைகிறார்கள். இந்தக் கோபத்தில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்று சற்று ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையாகாது.

இதற்குச் சிறந்த உதாரணமாக விளங்குபவர், இங்கிலாந்தில் யூதாஸ் என்று ஏசப்பட்டு, பின்னர் நமது சென்னையில் மரியாதையுடன் வரவேற்கப்பட்ட ஓவன் காய்ல் என்பவர். ஸ்காட்லாந்து தேசத்துப் பெய்ஸ்லி நகரில் 1966-ம் வருஷம் பிறந்த அவர், ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர். 2007-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் லங்காஷயரிலுள்ள பர்ன்லி சங்கத்தின் மானேஜர் பதவியை ஏற்றார்.

லங்காஷயர் என்ற பெயர் நமது நேயர்களுக்குப் புதிதல்ல. நமது நெசவாளரின் தறிகளை ஓயச் செய்த ஆலைத்துணி அங்கிருந்துதான் கப்பலேறி வந்தது. அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அந்த ஆலைகள் தளர்ந்தபோது, மகாத்மா காந்தி 1931-ம் வருஷம் செப்டம்பரில் டார்வென் முதலிய ஊர்களுக்கு நேரில் சென்று, வேலையிழந்த தொழிலாளரைச் சந்தித்தார். அவர்கள் அவரை அன்புடன் வரவேற்றார்கள். பர்ன்லி நெசவுக்குப் பெயர் போன ஊர். போல்ட்டன் நூற்புக்குப் பெயர் போன ஊர். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பிரயாண தூரங்கூட இல்லை. 1888-ம் வருஷம் இங்கிலாந்தில் பந்தாட்ட லீக் தோன்றியபோது அதை ஸ்தாபித்த 12 சங்கங்களில் இவ்விரண்டும் உண்டு. ஆலைகள் மூடப்பட்டன. ஆனால் பந்தாட்டச் சங்கம் நிலைத்து நின்றது. சனிக்கிழமை தோறும் தன் ஊரின் பெயரை உரக்கச் சொல்லிக்கொள்ள, அந்த ஊர்த் தொழிலாளிக்கு மிஞ்சியிருந்த இடம் அது ஒன்றுதான்.

சிறிய ஊரான பர்ன்லி, 1921-லும் 1960-லும் இங்கிலாந்தின் சாம்பியனாக விளங்கியது. 1976-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. பிறகு 33 வருஷம் அந்தப் படியில் கால் வைக்கவே முடியவில்லை. அந்த வனவாசத்தை முடித்து வைத்தவர் காய்ல். 2009-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி வெம்பிளி மைதானத்தில் ஷெபீல்டு யுனைடெட் கோஷ்டியை 1-0 என்று வென்று பர்ன்லி பிரீமியர் லீக்கில் நுழைந்தது. மூன்று மாதத்துக்குள், அப்போதைய சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட்டைத் தன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று முறியடித்தது. தாத்தாவும் மகனும் பேரனும் கூடி நின்று ஆனந்தக் கண்ணீர் விட்ட நாட்கள் அவை. அந்த மனிதரை அவ்வூரார் தெய்வத்துக்குச் சமமாகக் கொண்டாடினார்கள் என்றால் அது மிகையல்ல.

ஆனால் 2010-ம் வருஷம் ஜனவரியில், பருவம் பாதியில் நிற்கும்போது, காய்ல் பர்ன்லியை விட்டு அண்டை ஊரான போல்ட்டனுக்குப் போய்விட்டார். தம் துணைப் பயிற்சியாளர்களையும் உடன் அழைத்துக்கொண்டார். அன்று பட்டியலில் போல்ட்டனுக்கு மேலே நின்றது பர்ன்லி. அந்த மாத முடிவுக்குள் இரு கோஷ்டிகளும் மோதின. போல்ட்டன் 1-0 என்று வென்றது. பருவ முடிவில் 39 புள்ளிகளுடன் போல்ட்டன் பிழைத்தது; 30 புள்ளிகளுடன் பர்ன்லி கீழே இறங்கியது. 33 வருஷம் காத்திருந்து பெற்ற பாக்கியம் ஒரே வருஷத்தில் பறிபோயிற்று. முப்பது வெள்ளிக் காசுக்குத் தம் குருவைக் காட்டிக் கொடுத்த யூதாஸின் பெயரை அவ்வூரார் காய்லுக்குச் சூட்டினார்கள். அந்த ஆத்திரம் ஒரு பருவத்தோடு தணியவில்லை. பல வருஷங்கள் நீடித்தது.

காய்லின் பக்கத்திலும் சில நியாயங்கள் உண்டு. போல்ட்டன் அவருக்கு அந்நியமான இடமல்ல. ஆட்டக்காரராக அங்கே விளையாடியவர். 1995-ம் வருஷம் வெம்பிளியில் அந்தச் சங்கம் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்த ஆட்டத்தில் ஒரு கோல் போட்டவர். பர்ன்லிக்கு நஷ்ட ஈடும் கொடுக்கப்பட்டது. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. சங்கங்கள் மாத்திரம் பயிற்சியாளர்களிடம் எப்பொழுதும் விசுவாசமாக இருக்கின்றனவா? காய்லையே எடுத்துக்கொள்வோம். 2012-ல் போல்ட்டன் ஒரே ஒரு புள்ளி குறைந்ததால் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிற்று. அதே வருஷம் அக்டோபரில் அவரை வெளியே அனுப்பி விட்டது. நமது நாட்டில் கோவா சங்கம், பட்டியலில் முதலிடத்தில் நிற்கும்போதே, 2020-ம் வருஷம் ஜனவரியில் ஸெர்கியோ லொபேரா என்ற ஸ்பானியப் பயிற்சியாளரை விலக்கிற்று. அவர் மும்பை சங்கத்துக்குப் போனார். கோவாவின் முக்கிய ஆட்டக்காரர் நால்வரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த பருவத்தில் மும்பை லீக் கேடயத்தையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. வேலைக்காரன் எஜமானை விட்டால் துரோகம், எஜமான் வேலைக்காரனை விட்டால் நிர்வாகம் என்பது எந்த ஊர் நியாயம்? தொழிலாளர் உரிமையைப் பேசுகிற நாம் இந்த ஒருதலை வழக்கை ஏற்க முடியாது.

அப்படியானால் பர்ன்லி ஜனங்களின் கோபம் முழுவதும் பிசகா? இல்லை. காய்ல் போனது குற்றமல்ல. போன வேளையே குற்றம். நாற்று நட்டவன் அறுவடைக்குப் பின் வேறு பண்ணைக்குப் போகலாம். கதிர் பால் பிடிக்கும்போது மடையைத் திறந்தபடி விட்டு, பக்கத்து வயலுக்கு நீர் பாய்ச்சப் போகலாகாது. ஒப்பந்தம் எழுதாத கடமை ஒன்று உண்டு. ஆட்டக்காரரும் நிர்வாகிகளும் மாறலாம். டிக்கெட் வாங்கி மழையில் நனைந்து நிற்கிற சாமானியன் மாறுவதில்லை. அவனுக்கு வேறு சங்கம் கிடையாது. தன் மனதை மாற்றிக்கொள்ள முடியாத ஒருவனுக்கு, மாறக்கூடிய ஒருவன் பட்டிருக்கும் கடன் அது.

இதன் உண்மையைச் சென்னை அனுபவம் விளக்குகிறது. 2019-ம் வருஷம் டிசம்பரில் சென்னையின் சங்கம் காய்லை நியமித்தபோது, அது முதல் 6 ஆட்டங்களில் ஒன்றை மாத்திரமே வென்று பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. அதே கோஷ்டியைக் கொண்டு அவர் நான்காமிடம் பிடித்தார். அரை இறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று கடந்தார். 2020-ம் வருஷம் மார்ச் 14-ந் தேதி, நோய் பயத்தால் ஜனங்களை அனுமதியாத கோவா மைதானத்தில், இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார். பருவம் முடிந்த பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அந்தப் பருவத்தில் அதிக கோல் போட்ட வால்ஸ்கிஸ் என்ற வீரரும் கூடவே போனார். 2022-ல் ஜாம்ஷெட்பூர் லீக் கேடயத்தை வென்றது. சென்னைக்கு இது வருத்தமே. ஆனாலும் 2023-ம் வருஷம் அவர் திரும்பி வந்தபோது சென்னை அவரை ஏற்றுக்கொண்டது. 2025 வரை அவர் இங்கே பணி செய்தார். அதே மனிதர், அதே தொழில். ஓரிடத்தில் பாதியில் போனார். மற்றோரிடத்தில் முடித்து விட்டுப் போனார். பர்ன்லியில் கதவு அடைபட்டது. சென்னையில் கதவு திறந்தே இருந்தது.

கொல்கத்தாவின் வரலாறும் இதையே சொல்லும். 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் வீரர்கள் வெள்ளைப் பட்டாளத்தின் கோஷ்டியை 2-1 என்று வென்று கேடயம் பெற்ற நாள் முதல், பந்தாட்டம் அங்கே தேசாபிமானத்தோடு கலந்தது. அந்த நகரில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இரு துருவங்கள். பி. கே. பானர்ஜி 1972 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளராக இருந்து, 1975-ம் வருஷக் கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று மண்ணைக் கவ்வச் செய்தார். அடுத்த வருஷமே மோகன் பகானின் பயிற்சியாளரானார்! 1997-ல் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடிய ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என்று வென்றபோது, ஈஸ்ட் பெங்காலின் ஆசானாக மீண்டும் அவரே நின்றார். 2020-ல் அவர் காலமானபோது இரு சங்கத்தாரும் அவரைத் தம்மவர் என்றே கருதினர். இருக்கும் இடத்துக்கு முழு உழைப்பையும் கொடுத்து, முடிந்த பின் போகிறவனைக் காலம் மன்னிக்கிறது.

எங்கள் ஊரிலேயே இதனினும் உயர்ந்த உதாரணம் உண்டு. மடத்தையும் பந்தாட்டச் சங்கத்தையும் சரிசமமாக நிறுத்துவது நமது நோக்கமன்று. ஆயினும் தருமபுர ஆதீனத்தில் கந்தசாமித் தம்பிரானாக இருந்த ஒருவர், 1949-ம் வருஷம் குன்றக்குடி ஆதீனத்துக்கு வந்து, 1952-ல் அதன் தலைவரானார். அவரே தமிழுலகம் குன்றக்குடி அடிகளார் என்று போற்றும் பெரியவர். அவர் இடம் மாறினார். ஆனால் சைவமும் தமிழும் ஜன சேவையும் என்ற தம் கொள்கையிலிருந்து 1995-ல் மறையும் வரை மாறவில்லை. இடம் மாறுவது ஒன்று. கொள்கை மாறுவது வேறு. இந்தப் பேதத்தை அறியாதவனுக்கே இரண்டும் துரோகமாகத் தோன்றும்.

துரோகம் என்பதன் உண்மையான எடை என்ன என்பதையும் இந்தச் சிவகங்கைச் சீமைதான் நன்கறியும். குன்றக்குடி ஷண்முகநாதருக்குத் திருப்பணி செய்த மருது சகோதரர்கள், கம்பெனியாரின் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரைக்கு, இங்கிருந்து அதிக தூரமில்லாத சிறுவயலில் அடைக்கலம் கொடுத்தார்கள். அவனை ஒப்படைத்திருந்தால் அரண்மனையும் மிஞ்சியிருக்கும், தலையும் மிஞ்சியிருக்கும். ஒப்படைக்கவில்லை. 1801-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்குமேடை ஏறினார்கள். அடைக்கலப் பொருளைக் காப்பது விசுவாசம். காட்டிக் கொடுப்பது துரோகம். இந்த அளவுகோலை வைத்திருக்கிற மண்ணில், சம்பளம் பெற்றுப் பந்தாட்டம் கற்பிக்கிறவரை அதே சொல்லால் அழைப்பது, அவரை அவமதிப்பதைக் காட்டிலும் அந்தச் சொல்லை அவமதிப்பதாகும்.

இதைவிட முக்கியமான விஷயம் வேறொன்று இருக்கிறது. பயிற்சியாளர் மாறினால் கொதிக்கிற நாம், பிரதிநிதி மாறினால் என்ன செய்கிறோம்? 1967-ம் வருஷம் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டசபை அங்கத்தினர் பதினைந்தே நாளில் மூன்று முறை கட்சி மாறினார். தேசம் சிரித்தது, வழக்கமோ நிற்கவில்லை. 1985-ல் கட்சித் தாவலைத் தடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அப்படியும் சந்து பொந்துகள் உள்ளன. கர்நாடகத்தில் 2019-ம் வருஷம் 17 அங்கத்தினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் அதே வருஷம் டிசம்பரில் புதிய கட்சியின் பெயரால் இடைத் தேர்தலில் நின்றார்கள். 11 பேரை அதே ஜனங்கள் ஜெயிக்க வைத்தார்கள். பயிற்சியாளராவது நஷ்ட ஈடு கட்டிவிட்டுப் போகிறார். நமது வோட்டை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவர் நமக்குக் கட்டிய நஷ்ட ஈடு எவ்வளவு? பர்ன்லியின் நெசவாளி பேரன் ஒரு பந்தாட்ட மானேஜரைப் பல வருஷம் மறக்கவில்லை. நமது வோட்டரோ சில மாதத்தில் மறந்து விடுகிறார். கோபம் நம்மிடம் குறைவாக இல்லை. அது போய்ச் சேரும் விலாசம்தான் தவறாக இருக்கிறது.

அரசியல் ஊழியர்களுக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. ஒரே மனிதரின் போக்கில் ஒரு சங்கம் சரிகிறதென்றால், பிசகு போனவரிடம் மாத்திரம் இல்லை. ஒருவரைத் தூணாக நிறுத்தி, மற்றத் தூண்களை நாட்டாமல் விட்டவரிடமும் இருக்கிறது. தலைவர் போனால் கூரை விழும் ஸ்தாபனம் ஸ்தாபனமே அல்ல. அது ஒரு பந்தல். மறுநாள் பிரிக்கப்படுவதற்கென்றே போடப்பட்டது.

எனவே இளைஞர்கள் தம் கோஷ்டியைத் தாராளமாக நேசிக்கட்டும். விட்டுப் போனவர் எதிர்க் கோஷ்டியுடன் வந்து நிற்கும்போது உரக்கக் கூவவும் செய்யட்டும். விளையாட்டின் சுவையில் அதுவும் ஒரு பங்கு. பாதியில் போனவரைப் பாதியில் போனவர் என்று சொல்லட்டும், அது உண்மை. துரோகி என்ற சொல்லை மாத்திரம் பத்திரமாக எடுத்து வைத்திருக்கட்டும். அடுத்த தேர்தலில் அதற்கு உரியவர் நம் வாசலுக்கே வந்து கைகூப்பி நிற்கக்கூடும். அப்போது அந்தச் சொல் மழுங்காமல் நம் கையில் இருக்க வேண்டும்.