உண்ணி அற்பமானதா?

அந்தி சாயும் வேளையில் அமிர்தகழிப் பக்கம், வாவிக்கரை ஓரமாக மாடுகள் வீடு திரும்பும் காட்சியைக் காணாதவர் இரார். அவற்றின் காதோரத்தில் ஒட்டிக் கிடக்கும் உண்ணிகளைச் சிறுவர்கள் பிடுங்கி நகத்தால் நசுக்குவதும் பழகிய காட்சியே. "மாடென்றால் உண்ணி இராதா?" என்று பெரியோரும் வாளாவிருந்து விடுவர். அந்த அற்பப் பிராணி வைத்திய உலகையே திகைக்க வைத்த கதை ஒன்று உண்டு.

1957ஆம் ஆண்டிலே, மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் மடிந்து விழலாயின. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டினுட் சென்ற ஏழை மக்களையும் கடுங்காய்ச்சல் பற்றியது. தாங்கொணாத் தலையிடி, உடல் உளைவு, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தக் கசிவு, உயிரிழந்தோரும் உளர். தென்னமெரிக்கக் காடுகளிற் குரங்குகள் மடிந்தால் மஞ்சட் காய்ச்சல் வந்துவிட்டதென அஞ்சுவர். ஆசியாவில் என்றுமே வேரூன்றாத அந்நோய்தான் வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது.

பூனாவில் 1952இல் நிறுவப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார், டெல்போர்ட் வேர்க் என்பாரின் தலைமையில் விரைந்து சென்றனர். நோயாளரிடத்தும் மடிந்த குரங்குகளிடத்தும் ஒரே வைரசைக் கண்டனர். அது மஞ்சட் காய்ச்சலன்று. 1937இல் உருசிய நாட்டுக் காடுகளில் ஆராய்ந்தறிந்த மூளைக் காய்ச்சலின் உறவு! அதனைச் சுமந்து திரிந்தவை காட்டு உண்ணிகளே.

உருசிய நோய்க்கு உறவான நோய் தென்னிந்தியாவுக்கு எவ்வாறு வந்தது? வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்று ஐயுற்றனர். சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தனர். ஐயம் மெய்ப்படவில்லை. நம் வாவிக்கு மாரி தோறும் வரும் விருந்தினரை எண்ணி, எமக்கும் சற்று ஆறுதலே.

உண்மையில், குற்றத்தின் ஒரு பங்கு மனிதனுடையது. காட்டை அழித்து மாடுகளை மேயவிட்டான். மாட்டுக்கு அந்நோய் வருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் அதன் குருதியை உண்டு பெருகின. அவற்றின் குஞ்சுகள் எலியையும் குரங்கையும் மனிதனையும் நாடின. குரங்கு மடிந்ததும் அதன் உடலிலிருந்து உதிரும் உண்ணிகள் அவ்விடத்திலேயே காத்துக் கிடக்கும். விறகுக்கு வருபவன் அகப்பட்டுக்கொள்வான்.

நம் தீவிலும் விலங்குகள் வழி வரும் நோய்கள் உள. நாயின் உடலில் வாழும் டைரோபிலாரியா என்னும் நூற்புழு, நுளம்பு வழியாக மனிதரின் தோலின் கீழ்ப் புகுந்து சிறு கட்டியாகின்றது, சிலவேளை கண்ணிமையிலேயே! சிறுவர்களையும் அது விடுவதில்லை. நமது ஒட்டுண்ணியியல் அறிஞர் பேராசிரியர் திசாநாயக்க இதனை விரிவாக ஆராய்ந்தார். பெரும்பாலும் ஒரே புழுதான் இருக்கும். வைத்தியர் கீறி எடுத்தால் தீர்ந்தது. காதினுள் உண்ணி புகுந்து துடிக்கும் பிள்ளைகளும் வைத்தியசாலைக்கு வருகின்றனர். வீட்டிலே குச்சியால் தோண்டுவது கூடவே கூடாது.

தோலிற் கடித்த உண்ணியைத் தீக்குச்சியாற் சுடுவதும் மண்ணெண்ணெய் விடுவதும் தவறு. சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெல்ல இழுத்தெடுத்துச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. நகத்தால் நசுக்கற்க. அடுத்த இரு வாரங்களிற் காய்ச்சல் கண்டால், உண்ணி கடித்த செய்தியை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் ரிக்கெற்சியாக் காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் என்ற மருந்து உண்டு. ஆனால் அதனை வேளையோடு கொடுக்க வேண்டும்.