புளிக்கு முன் கிழங்கு

சாம்பாருக்கென்று நறுக்கிய உருளைக்கிழங்கைப் புளிக்கரைசலில் இட்டுக் கொதிக்கவைத்தால் நெடுநேரம் அடுப்பிலிருந்தும் அது விறைப்பு நீங்காமல் நிற்பதையும், அதே கிழங்கை முதலில் தண்ணீரில் வேகவைத்துக்கொண்டு பின்னர்ப் புளியைச் சேர்த்தால் மிருதுவாகக் குழைந்திருப்பதையும் சமையலில் பழகியவர் யாவரும் அறிவர். நம் வீட்டுப் பெரியவர்கள் அனுபவத்தால் கண்டு வழிவழியாகச் சொல்லிவந்த இந்த விதிக்குக் காரணம் கிழங்கின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து. இம்மாவுச்சத்து நுண்ணிய மணிகளாக உயிரணுக்களுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. அவ்வுயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவது பெக்டின் என்னும் பசைப்பொருள். ஆகவே கிழங்கு வேகிறது என்று நாம் பொதுவாகக் கூறுவதில் இரண்டு காரியங்கள் அடங்கியுள்ளன. உஷ்ணம் 60 டிகிரி செல்சியஸை அணுகும்போது மாவுமணிகள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கத் தொடங்குவது ஒன்று. உஷ்ணம் மேலும் ஏறிக் கொதிநிலையை நெருங்கும்போது பெக்டின் சிறிது சிறிதாகக் கரைந்து உயிரணுக்களின் பிணைப்பைத் தளர்த்துவது மற்றொன்று. புளிப்பு தடுப்பது இந்த இரண்டாவது காரியத்தையே. அமிலம் கலந்த நீரில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. ஆதலால் புளியோ தக்காளியோ மோரோ முந்திக்கொண்டால், உள்ளே மாவு வெந்தும் கிழங்கு குழைவதில்லை. சோடா உப்பின் செயல் இதற்கு நேர் எதிரானது. அது சற்று மிகுந்துவிட்டாலும் பெக்டின் விரைந்து கரைந்து, துண்டுகளின் ஓரம் சிதைந்து, குழம்பு கலங்கிப்போகும்.

வெந்து முடிந்த கிழங்குக்கோ புளிப்பு நன்மையே செய்கிறது. சில கிழங்குகள் வெந்து ஆறியபின் சாம்பல் கலந்த நீலநிறம் அடைவதுண்டு. கிழங்கிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் கூடிப் பிராணவாயுவுடன் சேர்வதால் விளைவது இது. பொடிமாஸை இறக்கியதும் பிழியும் எலுமிச்சம்பழச் சாறு, ருசியை முன்னிட்டே சேர்க்கப்படுவதாயினும், அந்த இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு கிழங்கின் நிறத்தையும் காத்துவிடுகிறது.

கிழங்குகள் யாவும் ஒரே குணமுடையன அல்ல. மாவு மிகுந்தவை வெந்ததும் உதிர்ந்து மலரும். மாவு குறைந்தவை, விசேஷமாக இளங்கிழங்குகள், வடிவம் குலையாமல் நிற்கும். முன்னவை போண்டாவுக்கும் பூரி மசாலுக்கும், பின்னவை குருமாவுக்கும் காரக்கறிக்கும் உகந்தவை. கடையில் வாங்கியது எவ்வினத்தது என்று ஐயுறுவோர், ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு தண்ணீரில் கரைத்து அதில் கிழங்கை இட்டுப் பார்க்கலாம். மாவு மிகுந்தது கனத்தால் அமிழும், மற்றது மிதக்கும்.

முழுக்கிழங்கைக் கொதிநீரில் போடுவதைவிடக் குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுவதே சிறந்தது. கொதிநீரில் விழுந்த கிழங்கின் நடுப்பகுதி வேகுமுன்னரே மேற்பகுதி கரைந்துவிடும். மெல்லச் சூடேறும் நீரிலோ, 55 டிகிரிக்கும் 65 டிகிரிக்கும் இடைப்பட்ட நிலையில், கிழங்கிலுள்ள ஒரு நொதி பெக்டினைச் சுண்ணாம்புச்சத்தோடு இணையும்படி மாற்றுவதால், மேற்பகுதி உறுதிபெற்று, உள்ளும் புறமும் ஒருசேர வெந்து வருகிறது. வெந்த கிழங்கை நன்றாக ஆறவிட்டு, இயலுமாயின் சில மணி நேரம் கழித்தே, நறுக்கி வறுக்க வேண்டும். ஆறுகையில் மாவு மறுபடி இறுகுவதால், வாணலியில் எத்தனை முறை புரட்டினாலும் துண்டுகள் உடைவதில்லை. மசாலுக்குரிய கிழங்கைக் கையால் மசிப்பதே முறை. மிக்ஸியின் கத்தி உயிரணுக்களைக் கிழித்து, உள்ளிருந்த மாவையெல்லாம் வெளியே கொட்டிவிடுவதால், அங்ஙனம் அரைத்த கிழங்கு வாயில் ஒட்டும் பசையாகிவிடுகிறது. பின்னர் எதைச் சேர்த்தும் அதைத் திருத்த முடியாது.

இக்காலத்து வீடுகளில் வறுவல் கெடுவதற்கு எண்ணெயையும் அடுப்பையும் குறைகூறுகிறோம். பெரும்பாலும் குற்றம் குளிர்பதனப் பெட்டியினுடையது என்பதே என் அபிப்பிராயம். 7 அல்லது 8 டிகிரிக்குக் கீழே வைக்கப்பட்ட கிழங்கு தன் மாவின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. 1912-இல் பிரெஞ்சு விஞ்ஞானி மயிலார்டு விவரித்த வினையின்படி, இச்சர்க்கரை சூட்டில் அமினோ அமிலங்களோடு கூடிப் பழுப்புநிறத்தையும் நறுமணத்தையும் உண்டாக்குகிறது; அளவான சர்க்கரை பொன்னிறத்தைத் தர, மிகுந்த சர்க்கரையோ உள்ளே வேகுமுன் புறத்தைக் கருக்கிக் கசப்பாக்கிவிடுகிறது. அந்த வினையிலேயே அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருளும் பிறக்கிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உணவுப்பண்டங்களில் அதனைக் கண்டறிந்ததிலிருந்து உலகம் அறியலாயிற்று. ஆதலின் வறுவலைக் கரும்பழுப்பு ஏறவிடாமல் பொன்னிறத்திலேயே எடுப்பது நாவுக்கும் உடலுக்கும் ஏற்றது. 1949-இல் பாட்னாவில் தொடங்கப்பெற்றுப் பின்னர் சிம்லாவுக்கு மாற்றப்பெற்ற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், 1998-இல் குப்ரி சிப்சோனா ரகங்களை வெளியிட்டபோது, மாவு மிகுந்து சர்க்கரை குறைந்திருத்தலையே அவற்றின் முதன்மையான குணமாகக் கொண்டது. ஏற்கனவே குளிரில் இருந்துவிட்ட கிழங்கையும் வெளியே எடுத்து இரண்டொரு வாரம் வைத்திருந்தால் சர்க்கரையில் ஒரு பகுதி குறையும். சீவிய வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தெடுத்தால் மேலே படிந்த சர்க்கரையும் போகும்.

வெளியே வைப்பதென்றால் வெளிச்சத்தில் வைப்பதென்று கொள்ளலாகாது. காற்றோட்டமுள்ள இருண்ட மூலையில், சாக்குப்பையிலோ கூடையிலோ வைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட கிழங்கின் தோல் பச்சையாகிறது. அப்பச்சைநிறத்தால் தீங்கில்லை, ஆனால் அதனோடு சோலனின், சாக்கோனின் என்னும் நச்சுப்பொருள்கள் பெருகியிருக்கக்கூடும், அவை நாம் சமைக்கும் சூட்டில் அழிவன அல்ல. சிறிதளவு பச்சை கண்டால் தோலை ஆழமாகச் சீவியும், முளைகளை வேரோடு அகழ்ந்தும் எறிந்துவிட வேண்டும். பெரும்பகுதி பச்சையேறிய கிழங்கையும், வாயில் வைத்ததும் கசக்கும் கிழங்கையும், குழந்தைகள் உண்ணும் வீட்டில் முழுவதுமாகவே விலக்கிவிடுவது நலம்.