வாலிபர் ஐக்கியத்தில் வேலையும் செய்தியும்: எது எதை விழுங்குகிறது?

சர்ச் வாலிபர் ஐக்கியம் நடத்துகிற யாரிடமாவது "இந்த வாரம் என்ன?" என்று கேட்டுப் பாருங்க. பாட்டுப் பயிற்சி, மைக் செட், ஆஸ்பத்திரி சந்திப்பு, கேரல் ரவுண்ட்ஸ் கணக்கு, டி-ஷர்ட் ஆர்டர் என்று பட்டியல் வரும். "சரி, செய்தி என்ன?" என்று கேட்டால் மட்டும் ஒரு சின்ன மௌனம். "அதுக்கு ஒரு அண்ணனைக் கூப்பிட்டிருக்கோம்" என்பார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்கு ஒரு தேதி இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார். மைக் வேலை செய்யாவிட்டால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். செய்தி வெறுமையாக இருந்தால் அன்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதன் விளைவு தெரிய மூன்று வருஷம் ஆகலாம். அவசரமானது, கண்ணுக்குத் தெரியாததைத் தள்ளிக்கொண்டே போகும். வாராவாரம் நடப்பது இதுதான்.

இந்தச் சிக்கல் புதுசும் இல்லை. 1844 ஜூன் 6-ம் தேதி லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர், தன்னோடு வேலை செய்தவர்கள் சிலரைச் சேர்த்து ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, கடைக்கு மேலேயே தூங்கிய பையன்கள் அவர்கள். ஜெபமும் வேத ஆராய்ச்சியும்தான் அவர்களுடைய நோக்கம். பின்னால் வாசகசாலை வந்தது, வகுப்புகள் வந்தன, உடற்பயிற்சிக்கூடம் வந்தது. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், இறையியல் படித்த ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று கேட்டவர் அங்கே இருந்த லூதர் குலிக் என்ற மருத்துவர். உடல், மனம், ஆவி மூன்றையும் குறிக்கும் முக்கோணச் சின்னத்தை முன்வைத்தவரும் அவர்தான். சென்னையில் 1920-ல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் இந்த வழியில் வந்ததே.

குலிக்கின் வாதம் எனக்குப் பிடிக்கும். விளையாட்டு என்பது வாலிபனை உள்ளே இழுக்கும் தூண்டில் இல்லை, அவன் உடலும் கடவுளுக்கு அக்கறையான விஷயம் என்பது அவர் எண்ணம். ஆனால் ஒரு விளைவையும் மறைக்க முடியாது. இன்று கூடைப்பந்து ஆடும் கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஜெபக்கூட்டத்தின் பேரப்பிள்ளை என்று தெரியும்?

இதற்கு நேர் எதிரான பக்கத்திலிருந்து யோசித்தவர் ஃபிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர். 1881 பிப்ரவரி 2-ம் தேதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 'கிறிஸ்டியன் எண்டெவர்' சங்கத்தைத் தொடங்கினார். நம்மூர் சபைகளில் 'சி.இ.' என்று சொல்வது இதைத்தான். அந்தக் குளிர்காலத்தில் அவர் சபை வாலிபர்கள் பலர் விசுவாசத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களை எப்படித் தக்கவைப்பது என்பதுதான் அவருடைய கவலை. அவர் கண்ட அமைப்பு எளிமையானது. தினமும் வேதம் வாசித்து ஜெபிப்பேன், கூட்டத்துக்குத் தவறாமல் வருவேன், வந்தால் பாடுவதோடு நிறுத்தாமல் வேறு ஏதாவது ஒரு பங்கும் எடுப்பேன் என்று உறுப்பினர் உறுதி தர வேண்டும். கூடவே, புதியவர்களைக் கவனிக்க ஒரு குழு, ஜெபக்கூட்டத்துக்கு ஒரு குழு, நட்புறவுக்கு ஒரு குழு.

இதில் நான் கவனிப்பது ஒன்று: செய்தி ஒரு பேச்சாளரின் சொத்தாக இல்லை. ஒரு வசனத்தை வாசித்து அது தனக்கு என்ன சொன்னது என்று இரண்டு வரி பேசுவதும் 'பங்கு'தான். வேலை செய்கிறவனே செய்தியையும் சுமக்கிறான்.

இன்னும் பின்னால் போனால் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரம். அன்றாட உதவியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. நாங்கள் வசனத்தை விட்டுவிட்டு பந்தி விசாரிக்க முடியாது என்று சொன்ன அப்போஸ்தலர்கள், அதற்கென ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பல பிரசங்கங்கள் இங்கேயே நின்றுவிடும்: "பாருங்க, வேலை வேற, வசனம் வேற." ஆனால் பந்தி விசாரிக்கவே ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்பதுதான் அங்கே நிபந்தனை. அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவானின் நீண்ட பிரசங்கம் அடுத்த அதிகாரத்தையே நிரப்புகிறது. இன்னொருவரான பிலிப்பு அதற்கடுத்த அதிகாரத்தில் சமாரியாவில் பிரசங்கிக்கிறார். பொறுப்பைப் பிரித்தார்கள், ஆளைப் பிரிக்கவில்லை.

நம்ம ஐக்கியங்களில் பிரிவது ஆள்தான். நான் பார்த்தவரை அதிகம் இழப்பது பின்வரிசையில் உட்கார்ந்து போன் பார்க்கிற பையன் இல்லை. நாற்காலி தூக்குகிற, புரொஜெக்டர் பார்க்கிற, டீ வாங்க ஓடுகிற பையன்தான். செய்தி நேரத்தில் அவன் வெளியே நிற்பான். "ரொம்ப உண்மையான பையன்" என்று எல்லோரும் புகழ்வார்கள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் சர்ச் பக்கமே வர மாட்டான். "எவ்வளவு உழைச்சான், இப்படி ஆயிட்டானே" என்று ஆச்சரியப்படுவார்கள். அவனுக்கு நாம் வேலை கொடுத்தோம், சாப்பாடு கொடுக்கவில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அதனால், நேரத்தை இத்தனை நிமிஷம் வேலைக்கு, இத்தனை நிமிஷம் செய்திக்கு என்று பங்கு போடுவது மட்டும் சமநிலை ஆகாது. நடைமுறையில் உதவக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவை மூன்று.

ஒன்று, சுழற்சி. ஒரே ஆள் வருஷம் முழுக்க மைக்கில் நிற்கக்கூடாது. செய்தி நேரத்தில் எந்த வேலையும் ஓடக்கூடாது; டீ பத்து நிமிஷம் தாமதமானால் ஆகட்டும்.

இரண்டு, வேலையிலிருந்தே செய்தி. இந்த வாரம் முதியோர் இல்லம் போனீர்களா? அடுத்த கூட்டத்தின் வேதபாடம் அங்கே கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கட்டும். "பிள்ளைங்க ஏன் என்னைப் பார்க்க வரலை?" என்று ஒரு பாட்டி கேட்டதற்கு வேதத்தில் என்ன பதில் என்று தேடுகிற வாலிபன் தூங்க மாட்டான்.

மூன்று, கழித்தல். புதிதாக ஒரு நிகழ்ச்சி சேர்த்தால் பழையது ஒன்றை நிறுத்த வேண்டும். இதுதான் கஷ்டம். போன வருஷம் செய்ததை இந்த வருஷம் விட்டால் மூத்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை வாலிபர்கள் தலையில் விடாமல், பதில் சொல்லத் தலைவர் தயாராக இருக்க வேண்டும்.

இது சரியாகப் போகிறதா என்று தெரிய ஒரு சோதனை போதும். உங்கள் ஐக்கியத்தில் அதிகம் உழைக்கிற ஆளைத் தனியாக அழைத்து, கடைசி மாதத்தில் கேட்டதில் மனதில் நின்றது எது என்று கேளுங்க. சட்டென்று ஒன்றைச் சொன்னால் நல்லது. "நான் அப்போ வெளியே இருந்தேன் அண்ணா" என்றால், அடுத்த வாரம் நாற்காலியை நீங்க தூக்குங்க.