செபமாலை அன்னை திருநாளின் வாசகங்களும் பாடலும்

எலவனாசூர்கோட்டையை அடுத்த எறையூரின் கத்தோலிக்க ஆலயம் செபமாலை அன்னையின் பெயரால் விளங்குவது. உரோமப் பொது நாள்காட்டியில் அன்னையின் இந்நாள் அக்டோபர் 7. அங்கே அது நினைவுநாள் மாத்திரமே. ஆயினும் அப்பெயரையே தாங்கிய ஆலயத்தில் அது பெருவிழாவாக உயர்கிறது; பொதுக்கால ஞாயிற்றுக்கிழமையோடு நேர்ந்தாலும் பெருவிழாவே முந்தும். இவ்வுயர்வினால் ஆராதனையை ஒழுங்குசெய்வோருக்கு ஒரு வேலை பிறக்கிறது. நினைவுநாளில் நற்செய்திக்கு முன் ஒரே வாசகம் போதும். பெருவிழாவுக்கு இரண்டு வேண்டும்.

அந்நாளுக்கெனக் குறிக்கப்பட்டவை அப்போஸ்தலர் 1:12-14, பதிலுரைப் பாடலாக லூக்கா 1:46-55, நற்செய்தியாக லூக்கா 1:26-38. பழைய ஏற்பாட்டு வாசகத்தை அன்னையின் பொதுத்தொகுப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். சகரியா 2:14-17 மிகப் பொருத்தமானது. (நமது பழைய திருப்புதலில் இது 2:10-13. இதை அறியாத மாணவர் அவ்வதிகாரத்தில் அத்தகைய வசனமே இல்லையென மயங்குவர்.) கர்த்தர் தம் மக்கள் நடுவே வாசம்பண்ண வருவதையும், அநேக ஜாதிகள் அவரைச் சேர்வதையும் அது அறிவிக்கிறது. 'ஜாதிகள்' என்று நம் திருப்புதல் கூறுவது இனங்களையே; எனினும் நம் ஊர்ச் செவியில் அச்சொல் வேறொன்றையும் ஒலிக்காமற்போகாது.

மரியாளிடம் நாம் விண்ணப்பஞ் செய்வதில்லை. ஆனால் அப்போஸ்தலர் நூல் காட்டும் மரியாள், மேல்வீட்டிலே மற்ற ஸ்திரீகளோடும் சகோதரரோடும் ஒருமனப்பட்டு ஜெபித்தவள். முதல் வாசகத்தை அடுத்து அவளுடைய பாட்டையே சபை பாடுகிறது: பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுகிறார்கள், தாழ்மையானவர்கள் உயர்த்தப்படுகிறார்கள். இவ்விடத்தில் வேறொரு பக்திப்பாடலைப் புகுத்த விதி இடந்தருவதில்லை. அவ்விதியை நாமும் மெச்சுகிறோம். பாடகர் விரும்பும் மெல்லிய பாட்டொன்று இக்கடிய வசனங்களை எளிதில் அகற்றிவிடக்கூடும்.

எறையூரில் இவை வெறுஞ்சொற்களல்ல. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமெனத் தலித் கத்தோலிக்கர் கோரியதையொட்டி 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். (இதைக் கேட்டு நம்மவர் தலையசைத்து அகலவேண்டாம். 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதிவேற்றுமையை விலக்க ஆணையிட்டபோது, நம் பழைய சபைகளிலிருந்து வெளியேறியோர் பலர்.)

ஆகவே வாசகங்களைத் தெரிந்தெடுத்ததோடு ஒழுங்குசெய்வோரின் பணி முடிவதில்லை. வாசிப்பது குருவின் தனியுரிமையன்று, சபையாருள் ஒருவரது ஊழியம் என்றே கத்தோலிக்க முறைமை கூறுகிறது. சகரியாவை எந்தத் தெருவினர் வாசிப்பது, மரியாளின் பாட்டை யார் குரலெடுத்துத் தொடங்குவது, எவர் பதில் பாடுவது என்பவற்றை எந்த வாசகநூலும் வகுத்துத் தருவதில்லை. அதைத் திருநாளுக்கு முந்திய வாரங்களில் பங்கு மக்களை ஒரே அறையில் கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.