ரப்பர் பலகைப் பெட்டிக்குள் ஒரு கணினி

பழுதான மடிக்கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பார்ப்பதற்கு அதிகம் இருக்காது. சில கறுப்புச் சதுரங்கள், ஒரு மின்கலம், ஒரு விசிறி. செயலி எங்கே முடிகிறது, நினைவகம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவது கடினம். செயலி, நினைவகம், முகவரி, பஸ் என்று பாடத்தில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். ஆனால், அவற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தொட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1970களின் பாணியில் ஒரு சிறு கணினியை நாமே கட்டுவதுதான் அது. உலகின் பல நாடுகளில் இது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. சில்லுகளை வாங்கிவிடலாம். நம் கைவேலையைக் கேட்பவை இரண்டு: அட்டைகளை இணைக்கும் ‘பேக்பிளேன்’ என்ற முதுகுப் பலகை, அதைத் தாங்கும் பெட்டி.

பெரட்டுக் களமும் பஸ்ஸும்

தோட்டப்புறங்களில் விடியுமுன் ‘பெரட்டு’ நடக்கும் என்று என் பாட்டி சொல்வார். அவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். கிராணி ஒரு பெயரை உரக்கக் கூப்பிடுவார். அது எல்லார் காதிலும் விழும், ஆனால் பெயருக்குரியவர் மட்டுமே பதில் கொடுப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் குழப்பம்தான்.

பேக்பிளேனில் நடப்பதும் இதுவே. செயலி ஒரு முகவரியைக் கூப்பிடுகிறது. இணையாக ஓடும் செப்புத் தடங்கள் வழியாக அது எல்லா அட்டைகளுக்கும் போய்ச் சேருகிறது. அந்த முகவரிக்குரிய அட்டை மட்டுமே தரவுத் தடங்களில் பதில் வைக்கிறது. இந்தத் தடங்களின் தொகுப்பைத்தான் ‘பஸ்’ என்கிறோம்.

இந்த அமைப்பை வீட்டுக் கணினி உலகுக்குக் கொண்டுவந்தது ஆல்டெய்ர் 8800. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் அது வெளிவந்தது. அதன் பஸ்ஸில் 100 தடங்கள் இருந்தன. விரைவிலேயே மற்ற நிறுவனங்களும் அதில் பொருந்தும் அட்டைகளைச் செய்து விற்கத் தொடங்கின. ‘எஸ்-100’ என்று பெயர் பெற்ற அந்த பஸ், 1983இல் ஐ.இ.இ.இ. 696 என்ற தர நிர்ணயமாகவே ஏற்கப்பட்டது.

இன்று மாணவர்களுக்கு ஏற்றது ஆர்.சி.2014. பிரிட்டனைச் சேர்ந்த ஸ்பென்சர் ஓவன் வடிவமைத்த இந்தக் கணினியின் மூளை, 1976இல் வந்த ஸிலாக் இசட்80 செயலி. இதன் பஸ்ஸுக்கு 40 தடங்களே போதும். முதல் 16 தடங்கள் முகவரிக்கு. அதாவது 2இன் 16ஆம் அடுக்கு, 65,536 முகவரிகள். 17ஆம் தடம் தரை இணைப்பு, 18ஆம் தடம் 5 வோல்ட். 27 முதல் 34 வரையிலான எட்டுத் தடங்கள் தரவுக்கு. செயலி, கடிகாரம், ரோம், ரேம், தொடர்வழி இணைப்பு என ஐந்து அட்டைகளைச் செருகினால் கணினி தயார். யு.எஸ்.பி. தொடர்வழிக் கம்பி மூலம் அதை மடிக்கணினியோடு இணைத்து, திரையில் பேசிக் நிரல் எழுதலாம்.

இதன் கடிகாரம் நொடிக்கு 73,72,800 முறை துடிக்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? 64ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றி 1,15,200 வரும். தொடர்வழி இணைப்பின் வேகமும் அதுதான். வகுப்பில் புரியாத ‘பாட் விகிதம்’ இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும்.

முதுகுப் பலகையைக் கட்டுதல்

தயாரான பேக்பிளேன் விற்பனைக்குக் கிடைக்கிறது. ஆனால், கற்றுக்கொள்ள விரும்பினால் ‘ஸ்டிரிப்போர்டு’ வாங்குங்கள். துளைகளுக்கு அடியில் வரிவரியாகச் செம்பு ஓடும் பலகை இது. துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர். ஒவ்வொரு செப்பு வரியும் ஒரு தடம். 40 வரிகளுக்குக் குறையாத பலகையில், வரிகளுக்குக் குறுக்காக 40 கால் சாக்கெட்டுகளைப் பற்றவைத்தால் பேக்பிளேனின் பெரும்பகுதி முடிந்தது.

எட்டு சாக்கெட்டுகளுக்கு 320 இணைப்புகள். பற்றவைக்கும் கம்பியில் பெரும்பங்கு வெள்ளீயம். ஒரு காலத்தில் ஈப்போவைச் செல்வச் செழிப்பான நகராக்கிய அதே கிந்தா பள்ளத்தாக்கின் உலோகம்தான். காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து, ஒரே நாளில் முடிக்க அவசரப்படாமல் செய்யுங்கள்.

மின்சாரம் கொடுக்குமுன் ‘மல்ட்டிமீட்டர்’ கொண்டு, அடுத்தடுத்த தடங்கள் ஒன்றையொன்று தொடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். 40 தடங்களுக்கு 39 சோதனைகள். 17, 18 தடங்களில் கூடுதல் கவனம் தேவை. தரையும் 5 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரு துளி ஈயம் வழிந்தாலே குறுக்குச் சுற்று ஏற்படும். அந்த இரண்டு தடங்களின் மேலும் செம்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்துத் தடிப்பாக்கினால் எல்லா அட்டைகளுக்கும் மின்சாரம் சீராகப் போகும். ஒவ்வொரு சாக்கெட்டின் அருகிலும் இவ்விரண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் மின்னிரைச்சல் குறையும்.

பெட்டி அலங்காரம் அல்ல

அட்டையை ஒரு துளை தள்ளிச் செருகிவிட்டால் என்ன ஆகும்? 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் வேறொரு சமிக்ஞை இருக்கும். சில்லு எரிந்து போகலாம். அட்டைகளின் இரு பக்கத்திலும் பள்ளம் வெட்டிய வழிகாட்டிக் கட்டைகள் இருந்தால் அப்படித் தவறாகச் செருகவே முடியாது. பெட்டியின் முதல் வேலை இதுதான். எனவே முதலில் பேக்பிளேனை முடித்து, அட்டைகளைச் செருகி, உயரத்தையும் இடைவெளியையும் அளந்த பிறகே பலகையை அறுக்க வேண்டும்.

பெட்டிக்கு ரப்பர் பலகையைவிடப் பொருத்தமானது நமக்கு எது? 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட மாநிலம் நம்முடையது. ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் தரும். பிறகு வெட்டி, மறுநடவு செய்வார்கள். முன்பு வெட்டிய மரம் பெரும்பாலும் விறகாகவே போனது. அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் எளிதில் பிடிக்கும். போரான் சேர்மத்தில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே அது தளவாடத் தொழிலின் முக்கிய மரமாக உயர்ந்தது.

பதப்படுத்திய பலகையையே வாங்குங்கள். ஈரப்பதத்தில் மரம் சற்று விரியும், சுருங்கும். அதனால் பேக்பிளேனைப் பசையால் ஒட்டாமல், பித்தளைத் தாங்கிகள் மீது திருகி வையுங்கள். அடியிலும் மேலேயும் துளையிட்டால் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். 5 வாட்டுக்கும் குறைவான கணினிக்கு விசிறி தேவையில்லை. மிக முக்கியமாக, வீட்டு மின்சாரத்தைப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். தரமான யு.எஸ்.பி. மின்னேற்றியின் 5 வோல்ட் போதும்.

பழையதைக் கட்டி என்ன பயன்?

2024இல், ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்குப் பிறகு, தனிச் செயலியாக விற்ற இசட்80க்கான இறுதிக் கொள்முதல் ஆணைகளை ஏற்று அதன் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக ஸிலாக் அறிவித்தது. செத்துப்போன தொழில்நுட்பத்தை ஏன் கற்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். ஆனால் முகவரி, தரவு, கடிகாரம், குறுக்கீடு ஆகிய கருத்துகள் சாகவில்லை. இன்றைய கைப்பேசிச் சில்லுக்குள்ளும் அவைதான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய 74 வரிசைச் சில்லுகளைக் கையில் எடுத்தால், பலவற்றின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சிட்டிருக்கும். இன்டெல் 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. ஈப்போவில் கார்செம், யூனிசெம் ஆகிய நிறுவனங்கள் சில்லுகளை உறையிட்டுச் சோதித்து உலகுக்கு அனுப்புகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகரத்துக்கு வந்த நம் குடும்பப் பெண்கள் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில் ‘ஷிப்ட்’ வேலை பார்த்தவர்கள். என் அத்தையும் அவர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கான சில்லுகள் அவர் கையால் கடந்து போயின. அவை எதற்குப் பயன்படும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைகடத்தி வியூகத் திட்டம், 60,000 பொறியாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. உறையிடும் வேலையோடு நிற்காமல் வடிவமைப்புக்கும் நாடு நகர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த எண்ணிக்கையில் நாமும் இடம்பெற வேண்டுமானால், சான்றிதழோடு கைப்பழக்கமும் வேண்டும்.

பள்ளிக் கணினிக் கழகத்தில் நான்கு பேர் சேர்ந்தால் செலவைப் பகிரலாம், வேலையையும் பகிரலாம். ஒருவர் பற்றவைக்க, ஒருவர் சோதிக்க, ஒருவர் பலகை அறுக்க, ஒருவர் நிரல் எழுதலாம். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒரு ஸ்டிரிப்போர்டும் மல்ட்டிமீட்டரும் வாங்கி, முதல் சாக்கெட்டின் 40 கால்களைப் பற்றவைத்துப் பழகுங்கள். மற்ற ஏழும் அதே வேலைதான்.